வெளிநாட்டில் ‘செட் ஆவது’ என்றால் என்ன?

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களிடம் ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது “சாப்பிட்டியா?” அடுத்தது “அங்க செட் ஆயிட்டியா?” டோக்கியோவுக்கு ஆன்சைட் போன முதல் மூன்று மாதத்தில் இந்தக் கேள்விக்கு நான் எத்தனை தடவை “ஆயிட்டேன்” என்று பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது பாதி உண்மைதான். ஆபீஸ் வேலை பிடிபட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வழி, பருப்பு கிடைக்கும் கடை, கரண்ட் பில் கட்டும் முறை எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு ஜப்பானியரிடம்கூட வேலையைத் தாண்டி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு, வெளிநாடு போனவர்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியதைப் படிக்கத் தொடங்கியபோதுதான், என் பதில் ஏன் பாதி உண்மையாக இருந்தது என்று புரிந்தது. ‘செட் ஆவது’ ஒரே விஷயம் கிடையாது. 1991இல் ஸ்டூவர்ட் பிளாக், மார்க் மெண்டன்ஹால், கேரி ஓடோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, வேலைக்குப் பழகுவது. இரண்டாவது, வீடு, சாப்பாடு, போக்குவரத்து, குளிர் போன்ற அன்றாட வாழ்க்கைக்குப் பழகுவது. மூன்றாவது, அந்த ஊர் மனிதர்களோடு பழகுவது. மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. எனக்கு முதல் இரண்டும் ஓரளவு வந்துவிட்டன. மூன்றாவது தொடங்கவே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் கடைசியாக வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது.

இன்னொரு பிரிவும் உண்டு. நியூசிலாந்து உளவியலாளர் கோலீன் வார்டு, மனம் நிம்மதியாக இருப்பது வேறு, அந்த ஊரில் காரியம் நடத்தத் தெரிவது வேறு என்றார். ‘வார்டு’ எனப்படும் நகர வட்டாரத்தின் அரசு ஆபீசில் முகவரியைப் பதிவு செய்வது, டாக்டரிடம் வலி எங்கே என்று சொல்வது, மீட்டிங்கில் எப்போது வாயைத் திறப்பது என்று தெரிவது, இதெல்லாம் காரியம் நடத்துவது. இதையெல்லாம் பிரமாதமாகச் செய்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் வராமல் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரியம் எதுவும் சரியாக வராமலே சந்தோஷமாக இருந்தவர்களும் உண்டு.

இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால், ஆளுமை எங்கே உதவுகிறது, பண்பாட்டுத் திறன், அதாவது வேறு பண்பாட்டுக்காரர்களைப் புரிந்துகொண்டு நடக்கும் திறமை, எங்கே உதவுகிறது என்பது தெளிவாகும். மோட்டாவாகச் சொன்னால், மனதைத் தாங்கிப் பிடிப்பதில் ஆளுமையின் பங்கு அதிகம். காரியம் நடத்துவதில் திறனின் பங்கு அதிகம். ஆளுமை நாம் பெட்டியோடு கூடவே கொண்டுபோவது. திறன் போகிற இடத்திலும் கற்றுக்கொள்ளலாம். புதிதாகக் கிளம்புகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். “எனக்குச் சட்டுன்னு யார்கூடயும் ஒட்ட வராது, நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்” என்று பயந்து நல்ல வாய்ப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஆளுமை என்று சொல்வது மேடைக் கம்பீரத்தை இல்லை. ஒருவர் பொதுவாக எப்படி உணர்வார், எப்படி நடந்துகொள்வார் என்கிற, வருடக்கணக்கில் பெரிதாக மாறாத போக்கு. வீட்டுப் பேச்சில் சுபாவம் என்போம். உளவியலில் இதை ஐந்து பண்புகளாக அளக்கிறார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனநிதானம், புதியவற்றுக்கு இடம் கொடுக்கும் மனம். பவுலா கலிஜியூரி என்ற அமெரிக்க ஆய்வாளர், கம்பெனி அனுப்பி வெளிநாடு போனவர்களிடம் இவற்றை அளந்து 2000இல் வெளியிட்டார். பாதியிலேயே ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணம், கலகலப்பும் இணக்கமும் மனநிதானமும் உள்ளவர்களிடம் குறைவாக இருந்தது. மேலதிகாரி கொடுத்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போன பண்பு வேறு: பொறுப்புணர்வு. அதாவது அங்கே தங்க வைப்பது ஒரு குணம், வேலையில் பேர் வாங்கித் தருவது இன்னொரு குணம்.

அதே 2000இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கேரன் வான் டெர் ஸே, யான் பீட்டர் வான் அவுடன்ஹோவன் இருவரும், பல பண்பாடுகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். பிறகு திருத்தப்பட்ட வடிவத்தில் அதிலும் ஐந்துதான்: பிற பண்பாட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உணர்வது, முன்முடிவு இல்லாமல் பார்ப்பது, தானாகப் போய்ப் பேச்சைத் தொடங்குவது, நிலைகுலையாமல் இருப்பது, திட்டம் மாறினால் தானும் வளைந்து கொடுப்பது.

இவற்றில் நிலைகுலையாமல் இருப்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதை ஒரு குப்பைப் பையை வைத்துச் சொல்கிறேன். ஜப்பானில் குப்பையைக் கிழமை பார்த்துத்தான் போட வேண்டும். எரிக்கக்கூடியது சில நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டிலும் கேனும் ஒரு நாள். நகராட்சியே அதற்கு ஒரு காலண்டர் தரும். நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு பையைக் கட்டிக் காலையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தெருவில் எல்லார் பையும் போயிருந்தது. என் பை மட்டும் அப்படியே நின்றது, மேலே சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கரோடு. எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது. தெருவே என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்: இன்றைக்கு இந்தக் குப்பையை எடுப்பதில்லை என்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஸ்டிக்கரை ஒருவர் “வெளிநாட்டுக்காரன்னாலே இவங்களுக்கு இளக்காரம்” என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் பையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு காலண்டரைப் பார்க்கலாம். நடந்தது ஒன்றுதான். முதல் மாதிரி எடுத்துக்கொள்கிறவருக்கு ஒரு நாளில் இப்படிப் பத்து ஸ்டிக்கர் கண்ணில் படும். மூன்று மாதத்தில் மனது கனத்துப் போகும். இரண்டாவது ஆளுக்கு அது குப்பையைப் பற்றிய தகவல், தன்னைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. மனநிதானம் என்று ஆய்வுகள் சொல்வது இதைத்தான். இது சுபாவம்தான், ஒரே ராத்திரியில் மாறாது. ஆனாலும் நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தாலே, ஸ்டிக்கரைப் பார்த்ததும் வரும் முதல் எண்ணத்தை அப்படியே நம்பாமல் இருக்கலாம். அன்றைக்கு நான் ராத்திரி முழுக்க வருத்தப்பட்டேன். அடுத்த தடவை பத்து நிமிடத்தில் சரியானேன்.

இனி திறன். இதைப் பண்பாட்டு அறிவுத்திறன் என்ற பெயரில் 2003இல் கிறிஸ்டோஃபர் எர்லியும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சூன் ஆங்கும் முன்வைத்தார்கள். நான்கு பகுதிகள் என்பார்கள். பெயர்களைச் சொன்னால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். நான் பட்ட அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு கிளையன்ட் மீட்டிங்கில் டிசைனை மாற்றலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மேனேஜர் நான் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டி “ஹாய், ஹாய்” என்றார். ‘ஹாய்’ என்றால் ஆமாம் என்று முதல் வாரமே கற்றிருந்தேன். கடைசியில் அவர் மூச்சை இழுத்துக்கொண்டு “முஸுகஷீ தெஸு நே” என்றார். கொஞ்சம் கஷ்டம்தான், என்று பொருள். கஷ்டம்தானே, செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, கிளையன்ட் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சென்னை டீமுக்கு மெயில் போட்டேன். அவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அத்தனையும் வீண். அவர் மறுத்திருந்தார்.

அந்த ‘ஹாய்’ என்ன என்று ஒரு தமிழருக்கு ஒரு நொடியில் விளக்கலாம். பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்டுவோம் இல்லையா, அதுதான். ‘உம்’ கொட்டினால் கதையை ஒத்துக்கொள்கிறோம் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். ஜப்பானியர்கள் இதை ஐஸுச்சி என்கிறார்கள். ‘கொஞ்சம் கஷ்டம்’ என்பதும் நமக்குப் புதிதில்லை. கல்யாணப் பேச்சில் “ஜாதகத்தைப் பார்த்துட்டுச் சொல்றோம்” என்று பெண் வீட்டார் சொன்னால் அதன் பொருள் நமக்குத் தெரியும். எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர், வார்த்தையில் குறைவாகவும் சூழலில் அதிகமாகவும் பொருளை வைக்கிற பண்பாடுகள் உண்டு என்று விளக்கியபோது ஜப்பானை அதற்கு உதாரணமாகக் காட்டினார். என் ஊரில் எனக்குத் தெரிந்த ஒன்றை, ஆங்கிலம் பேசும் ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும் நான் மறந்துவிட்டேன்.

நான்கு பகுதிகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. ‘ஹாய்’ என்றால் உம் கொட்டுவது என்று தெரிந்திருப்பது முதலாவது, அறிவு. “இவர் தலையாட்டுகிறார், ஆனால் நான் புரிந்துகொண்டது சரியா?” என்று பேசும்போதே தன் எண்ணத்தைத் தானே சோதிப்பது இரண்டாவது. என்னிடம் இல்லாமல் போனது அதுதான். நான்கில் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எந்தப் புத்தகமும் எல்லாச் சந்தர்ப்பத்தையும் எழுதி வைக்க முடியாது. அவமானப்பட்ட பிறகும் திரும்பப் போய்ப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மூன்றாவது. தெரிந்ததைக் குரலிலும் உடம்பிலும் நடத்திக் காட்டுவது நான்காவது.

நான்காவதுக்கு எனக்கு வழிகாட்டியவர் கிளையன்ட் பக்கத்திலேயே இருந்த ஒரு வயதான பொறியாளர். நேமவாஷி என்ற சொல்லை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு மரத்தை வேறு இடத்தில் நடுவதற்கு முன், வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டி அதைத் தயார்ப்படுத்துவார்கள். அந்த வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஆபீசில் அதன் பொருள், மீட்டிங்குக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிடுவது. மீட்டிங் என்பது ஏற்கெனவே கனிந்த முடிவை எல்லார் முன்னிலையிலும் சொல்லும் இடம். அடுத்த தடவை மாற்றத்தை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நான்கு பேரைத் தனியாகப் பார்த்தேன். இரண்டு பேர் தங்கள் தயக்கத்தைச் சொன்னார்கள். பத்துப் பேர் முன்னால் அவர்கள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். மீட்டிங் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

சரி, ஆளுமையும் திறனும் எங்கே சந்திக்கின்றன? சுபாவம் ஒருவரைக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பத்தை நோக்கித் தள்ளும், இல்லையென்றால் பின்னால் இழுக்கும். தானாகப் போய்ப் பேசுகிறவருக்கு ஒரு நாளில் இருபது பேச்சு நடக்கும், இருபது தப்பு நடக்கும், இருபது திருத்தம் கிடைக்கும். கூச்ச சுபாவக்காரருக்கு இரண்டுதான் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டையும் அவர் கவனமாகப் பிடித்துக்கொண்டால் பின்தங்குவதில்லை. எங்கள் டீமில் வாயே திறக்காத தம்பி ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். காதில் விழுந்த வாக்கியத்தை யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்று எழுதிக்கொள்வார். ஒரு வருடத்தில் எங்கள் எல்லாரையும்விட அவரிடம்தான் கிளையன்ட் அதிகம் பேசினார்கள். அமைதியைக் குறையாக நினைக்காத ஊரில் அவர் அமைதி அவருக்குக் கை கொடுத்தது. நிறையப் பேசினால்தான் செட் ஆக முடியும் என்று நினைப்பவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. நமக்கும் ஜப்பானுக்கும் ஒற்றுமைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். செருப்பை வாசலில் கழற்றுவார்கள். வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்கிற “இத்தெகிமாஸ்” என்பது அப்படியே நம் “போயிட்டு வரேன்”. அதை முதன்முதலில் புரிந்துகொண்ட காலையில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் “எல்லாம் நம்ம மாதிரிதான்” என்ற நினைப்பில் நின்றுவிடுவது ஒரு கட்டம்தான் என்கிறார் மில்டன் பென்னட். 1986இல் அவர் வரைந்த ஆறு படிகளில் இது மூன்றாவது. முதல் படி வித்தியாசமே இல்லை என்று மறுப்பது, இரண்டாவது வித்தியாசத்தைக் கண்டு எதிர்த்து நிற்பது, மூன்றாவது எல்லாரும் அடிப்படையில் ஒன்றுதான் என்று மெழுகிவிடுவது. அதற்குப் பிறகுதான் ஏற்பது, தன்னை மாற்றிப் பழகுவது, இரண்டையும் தனக்குள் சேர்த்துக்கொள்வது எல்லாம் வரும். மூன்றாவது படி சுகமானது, அதனால் நகர மனம் வராது. செருப்பு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வாசலில் கழற்றத் தெரிந்த நமக்கு, கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு உண்டு என்பதும், அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதும் தெரியாது.

எப்போது கஷ்டம் அதிகம் என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1955இல் நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லீஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களிடம் பேசி, முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு ஏற்றம் என்று ஒரு வளைவைச் சொன்னார். கல்ச்சர் ஷாக் என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க்கும் தேனிலவுக் காலம் என்று தொடங்கும் கட்டங்களைச் சொன்னார். படிக்க அழகாக இருக்கும். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைக் கோலீன் வார்டும் சக ஆய்வாளர்களும் ஒரு வருடம் பின்தொடர்ந்தபோது (1998இல் வெளியானது) தேனிலவே தென்படவில்லை. போய் இறங்கிய புதிதில்தான் கஷ்டம் உச்சத்தில் இருந்தது, பிறகு குறைந்தது. இது ஏன் முக்கியமென்றால், முதல் வாரத்தில் அழுகை வருகிறவர் “எல்லாருக்கும் இப்ப சந்தோஷமா இருக்குமே, எனக்கு மட்டும் ஏன்?” என்று தன்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேலைக்குப் போனவரைப் பற்றி. கூடப் போகிற மனைவி அல்லது கணவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். எனக்கு ஆபீஸ் இருந்தது. தப்பாகவாவது நாலு பேரிடம் பேசினேன். என் மனைவிக்குக் காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் ராத்திரி எட்டு வரை சுவர்தான். கடையில் வாங்குகிற எதில் மீன் சாறு கலந்திருக்கிறது என்று தெரியாமல், சைவச் சாப்பாட்டுக்காரியான அவள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அங்கே சாதாரண சூப்பிலும் சாஸிலும் மீனில் எடுத்த சாறு இருக்கும். ஊரில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள். சார்ந்திருப்போர் விசாவில் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் மொழி தெரியாமல் எந்த வேலை கிடைக்கும்?

அமெரிக்காவில் வேலை பார்த்த ஜப்பானியர்களையும் அவர்கள் துணைகளையும் வைத்து ரிக்கி தகேயுச்சியும் உடன் இருந்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் பழகுவதும் பழகாததும் மற்றவரைத் தொற்றுகிறது என்று காட்டியது. 2005இல் 66 ஆய்வுகளைச் சேர்த்து, 8,474 வெளிநாட்டுப் பணியாளர்களின் தரவைப் பார்த்த தொகுப்பாய்வும் துணை எப்படிப் பழகுகிறார் என்பதற்குப் பெரிய இடம் கொடுத்தது. இருந்தும் கம்பெனிகளில் பண்பாட்டுப் பயிற்சி என்று ஒன்று நடந்தால் அதில் உட்கார்வது வேலைக்குப் போகிறவர் மட்டும்தான். மனைவியைக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்.

அவளை வெளியே கொண்டுவந்தது இரண்டு விஷயம். முதலாவது நிஷி-கசாய். டோக்கியோவின் எதோகவா வார்டில் டோஸாய் ரயில் பாதையில் இருக்கும் இந்த இடத்தில், 2000ஐ ஒட்டிய வருடங்களிலிருந்தே இந்தியக் கம்ப்யூட்டர் பொறியாளர்கள் குடியேறினார்கள். நடுநகர ஆபீஸ்களுக்கு நேர் ரயில், ‘சாவிப் பணம்’ என்ற, திருப்பித் தராத முன்பணத்தைக் கேட்காத பொதுத்துறை அடுக்குமாடி வீடுகள், இந்திய மளிகைக் கடைகள், பக்கத்திலேயே இந்தியப் பள்ளி. பக்கத்து பிளாக் அக்கா ஒருவர் முதல் வாரமே வந்து எந்தப் பால் நன்றாகக் காயும், தயிருக்கு உறை எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்த உதவிக்கு ஈடு இல்லை.

ஆனால் அதோடு நின்றவர்களையும் பார்த்தோம். பத்து வருடம் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. அது ஒரு தற்காப்பு. ஜான் பெரி என்ற உளவியலாளர், தன் பண்பாட்டைக் காப்பது, புதிய சமூகத்தோடு பழகுவது என்ற இரண்டு கேள்விகளை வைத்து நான்கு வழிகளைச் சொல்கிறார். இரண்டையும் செய்வது ஒரு வழி. தன்னுடையதை விட்டுவிட்டுக் கரைந்துபோவது, தன்னுடையதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்குவது, இரண்டும் இல்லாமல் தனித்துப் போவது மற்றவை. பொதுவாக முதல் வழியில் இருப்பவர்களின் மனநலம் நன்றாக இருக்கிறது என்கிறார். பொங்கல் வைக்கிற பானையை யாரும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், ஒரு சலவைப் பொடி பாக்கெட். புதிதாகக் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சின்னதாக ஏதாவது எடுத்துப்போய் வணக்கம் சொல்வது அங்கே பழைய வழக்கம். டவல், சலவைப் பொடி மாதிரி சாதாரணப் பொருள். நாங்கள் அதை எட்டு மாதம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது போனால் என்ன நினைப்பார்கள் என்று நான் தயங்கினேன். மனைவி நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மா கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, எங்களைவிட அதிகமாகக் குனிந்தார். மறுநாள் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே ஐந்து ஆரஞ்சுப் பழமும் ஒரு துண்டுத் தாளும். வார்டு நடத்துகிற குறைந்த கட்டண ஜப்பானிய வகுப்பு எந்தக் கட்டடத்தில், எந்தக் கிழமை என்று அதில் படம் வரைந்து காட்டியிருந்தார். மனைவி அந்த வகுப்புக்கு மூன்று வருடம் போனாள்.

ஊர் திரும்புவதும் ஒரு வெளிநாட்டுப் பயணம் மாதிரிதான். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் 1963இலேயே, திரும்பி வந்த பிறகு இன்னொரு சரிவு இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை. சொந்த ஊருக்கு வருவதற்கு என்ன தயாரிப்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சென்னை வந்த முதல் மாதம், போனில் பேசும்போதெல்லாம் நான் என்னையறியாமல் குனிந்துகொண்டிருந்தேன். பள்ளிக்குக் கிளம்பிய மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே “இத்தெகிமாஸ்” என்றாள். “என்ன சொல்றா?” என்று உள்ளேயிருந்து என் அம்மா கேட்டார். “போயிட்டு வரேன்னு சொல்றாம்மா” என்றேன்.